கொசுறுக்கு ஒரு வார்த்தை

பனித்திட்டு மீனவக் கிராமத்து அமிர்தத்திடம் மீன் வாங்குகிறவர்கள் கொசுறு கேட்டால் அவள் முகம் சுளிக்க மாட்டாள். ஒரு கை நெத்திலியோ நாலைந்து காரப்பொடி மீனோ அள்ளிப் போடுவாள். ஆனால் சும்மா போட மாட்டாள், அதற்கு ஒரு வேலை வைப்பாள். எக்செல் வண்டியின் முன்னால் தொங்கும் பையைக் காட்டி, "அந்தப் பையில ஒரு அட்டைக் கட்டு இருக்குது. நான் மீன் ஆயற வரைக்கும் அத ஒண்ணொண்ணா எடுத்து என்னைக் கேளுக்கா" என்பாள்.

சார்ட் பேப்பரைச் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டிச் செய்த அட்டைகள் அவை. ஒரு பக்கம் ஓர் ஆங்கில வார்த்தை இருக்கும். மறுபக்கம் அதற்கான விளக்கம் ஆங்கிலத்திலேயே ஒரு வரி, அதன் கீழே அதே பொருள் தரும் இரண்டு வார்த்தைகள், கடைசியில் எதிர்ப்பதம். அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு கையும் செதிலும் இரத்தமுமாக இருக்கிறவள் அட்டையைத் தொட முடியாது. வாங்குகிறவர்கள்தான் வார்த்தையைக் காட்டிவிட்டு, அவள் சொன்னது சரியா என்று திருப்பிப் பார்த்துச் சொல்ல வேண்டும். சரியான அட்டையை ஒரு ரப்பர் பேண்டில் போடுவார்கள், தப்பானதை இன்னொன்றில். சரியான கட்டு வீட்டு டப்பாவுக்குள் போய்விடும். தப்பான கட்டு மறுநாளும் மீனோடு ஊர் சுற்றும்.

இப்படி ஒரு படிப்பு உலகத்தில் எங்காவது நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. கிருமாம்பாக்கத்தைத் தாண்டி உள்ளே போகும் நாலு தெருக்களில் நடந்தது.

அமிர்தத்துக்கு வயது முப்பத்து நான்கு. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியவள். கல்லூரிக்குப் போவாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும்போதே கல்யாணம் ஆகிவிட்டது. புருஷன் வீரப்பன் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன், தங்கமான மனுஷன், அதிகம் பேச மாட்டான். ஒன்பது வருஷமாக அவள் மீன் விற்கிறாள். தொழிலில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அரசு எழுத்தர் வேலைக்குப் பரீட்சை எழுதி, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்ற ஆசை மட்டும் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை எழுதிவிட்டாள். கணக்கும் பொது அறிவும் கைகொடுத்தன. இரண்டு முறையும் ஆங்கிலத்தில்தான் கவிழ்ந்தாள். அதிலும் அந்த வார்த்தைப் பகுதியில்தான். ஒத்த பொருள், எதிர்ப்பொருள் என்று வரிசையாக முப்பது கேள்விகள், முக்கால்வாசியும் அதுவரை கண்ணால் பார்த்திராத வார்த்தைகள்.

மூன்றாவது முறைதான் கடைசி. அவர்கள் பிரிவுக்குக் கொடுக்கும் சலுகையைச் சேர்த்தாலும் வயது வரம்பு முப்பத்தைந்து. அடுத்த பரீட்சை எப்போது வந்தாலும் அவள் அதைத் தாண்டியிருப்பாள். இது வீரப்பனுக்கும் எட்டாவது படிக்கும் மகள் சுகன்யாவுக்கும் மட்டும்தான் தெரியும். வாடிக்கை வீடுகளில் மூச்சு விடவில்லை. ஐயோ பாவம் என்று யாராவது பார்த்துவிட்டால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படி ஒரு வீம்புக்காரி.

முதலில் தெருவே சிரித்தது. "இன்னா அமிர்தம், மீனுக்கு இங்கிலீசுல வெலை சொல்லப் போறியா?" என்று கேட்டார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. கொசுறு ஆசையில் ஒருத்தி அட்டையை எடுத்தாள், அவளைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி எடுத்தாள். நாலு மாதத்தில் அது தெரு வழக்கமே ஆகிவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் அந்தத் தெருக்களில் மீன் எடுக்க மாட்டார்கள். அந்த இரண்டு நாளும் அமிர்தம் வீட்டில் உட்கார்ந்து, பாண்டிச்சேரியில் வாங்கி வந்த தடித்த புத்தகத்தைப் பார்த்துப் புதிய அட்டை எழுதுவாள்.

வீட்டுக்கு வீடு ஒரு சுபாவம். மூலை வீட்டு மருமகள் ஜெயா பி.எஸ்ஸி. படித்தவள், இருபத்தாறு வயது, ரொம்பக் கறார். உச்சரிப்பு கொஞ்சம் பிசகினாலும் தப்பான கட்டில் போட்டுவிடுவாள். ஜெயா வீட்டிலிருந்து அமிர்தம் கிளம்பும்போது முகம் தொங்கிப் போயிருக்கும். அதற்கு மருந்து மணியம்மாள் வீடு.

மணியம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். கரும்பும் நெல்லுமாக எட்டுக் காணி நிலம். புருஷன் தணிகைவேல் காலையில் கழனிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். மற்ற வீடுகளில் அமிர்தம் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துதான் மீன் ஆய வேண்டும். மணியம்மாள் மட்டும் உள்ளே வேப்பமர நிழலில், குழாய்க்குப் பக்கத்தில் இடம் கொடுப்பாள், குடிக்க மோர் கொடுப்பாள். அரைக் கிலோ சங்கராவுக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து நாற்பது அட்டை கேட்பாள். அட்டையை முகத்துக்கு நேராகக் காட்டி, "இது இன்னா?" என்பாள். அமிர்தம் படபடவென்று சொல்லி முடித்ததும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபக்கத்தை நிதானமாகப் பார்த்து, "சரி" என்பாள். எப்போதாவது ஒன்றைத் தப்பென்று எடுத்து வைப்பாள். அந்த "சரி"யைக் கேட்கிறபோதெல்லாம் அமிர்தத்துக்கு உச்சி குளிர்ந்து போகும்.

வார்த்தைகளை மனசில் நிறுத்துவதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ஒவ்வொரு வார்த்தையையும் ஓர் ஆள் மேல் ஏற்றிவிடுவாள். 'டாசிடர்ன்' என்றால் பேச்சுக் குறைந்தவர், அது வீரப்பன். அதன் எதிர்ப்பதம் 'கேருலஸ்', வாய் ஓயாதவர், அது கரையில் ஏலம் விடும் குப்பு. 'டெனேஷியஸ்' என்றால் பிடித்த பிடியை விடாதது. நண்டைத் தவிர வேறு யாரை நினைப்பது? ஆனால் ஒத்த பொருள் என்று புத்தகம் போடுகிற கூட்டை அவளால் முழுசாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சிக்கனமும் கஞ்சத்தனமும் ஒன்று என்பதுபோல் ஓரிடத்தில் போட்டிருந்தது. மணியம்மாள் சிக்கனக்காரி, அவளுடைய எதிர்வீட்டுக்காரி கஞ்சம். இரண்டு பேருக்கும் மீன் விற்றவளுக்குத் தெரியாதா வித்தியாசம்? சங்கராவும் நவரையும் சிவப்பாக இருக்கின்றன என்பதற்காக ஒரே கூறில் போட்டு விற்றால் யார் வாங்குவார்கள்? இந்தப் புத்தகம் எழுதினவன் ஒரு நாள்கூட மீன் வாங்கியிருக்க மாட்டான் என்று அவள் முடிவு கட்டினாள். இருந்தாலும் பரீட்சைக்கு அவன் சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்பதால் வாயை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்தாள்.

ஒரு வருஷத்தில் டப்பாவுக்குள் அறுநூற்றுச் சொச்சம் அட்டைகள் சேர்ந்துவிட்டன. பரீட்சைக்கு இருபத்திரண்டு நாள் இருந்தபோது, முடிந்த கட்டுகளை எல்லாம் ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிடலாம் என்று அவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அன்றைக்கு ஜெயா வீட்டில் வவ்வால் மீன். ஜெயா முதல் கட்டைப் பிரித்தாள்.

"மிட்டிகேட்" என்றாள்.

"ஏத்தி வுடறது, அதிகமாக்குறது. அதே பொருள் அக்ரவேட். எதிர்ப்பதம் அலீவியேட்" என்று ஆய்கிற கை நிற்காமல் அமிர்தம் சொன்னாள்.

ஜெயா அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தாள். "தல கீழா சொல்றீங்களே அக்கா. மிட்டிகேட்னா தணிக்கிறது. அலீவியேட்தான் அதே பொருள். அக்ரவேட் எதிர்ப்பதம். இத யார் சரின்னு கட்டுல போட்டது?"

"எழுதறப்ப நான்தான் மாத்தி எழுதிட்டனோ என்னவோ."

"இல்லையே, அட்டையில சரியாதான் எழுதி இருக்கீங்க."

அமிர்தம் கையைக் கழுவிப் புடவையில் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கிப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான், சரியாகத்தான் இருந்தது. அடுத்த அட்டையைக் கேட்கச் சொன்னாள். அது சரி, அதற்கடுத்தது தப்பு. நடுவில் இரண்டு சரி, மறுபடியும் தப்பு. அந்தக் கட்டின் மேல் ஊதா நிற ரப்பர் பேண்ட் இருந்தது. மணியம்மாள் வீட்டுக் கட்டுகளுக்கு மட்டும்தான் அவள் ஊதா போடுவாள்.

வீட்டுக்கு வந்து, மகளை உட்கார வைத்து எல்லா ஊதாக் கட்டுகளையும் கேட்கச் சொன்னாள். இருநூற்றுப் பத்து அட்டை. அதில் எழுபத்து மூன்று தப்பு. சும்மா தெரியாமல் விட்ட தப்பு இல்லை. தப்பைத் திரும்பத் திரும்பச் சொல்லி, சரி என்று கேட்டு, சந்தோஷப்பட்டுப் படித்த தப்பு. அது சுத்தமாக உள்ளே இறங்கியிருந்தது.

மறுநாள் முதல் வேலையாக மணியம்மாள் வீட்டுக்குப் போனாள். மீனைக் கீழே இறக்கவில்லை. ஓர் அட்டையை எடுத்து நீட்டி, "யக்கா, இதப் படிச்சிக் காட்டு" என்றாள்.

மணியம்மாள் அட்டையை வாங்கினாள், திருப்பினாள். "கண்ணாடிய எங்கியோ வெச்சிட்டேன்டி."

"கண்ணாடி உன் கழுத்துலதான் தொங்குது."

மணியம்மாள் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு குரலை இறக்கி, "எனக்கு இங்கிலீசு தெரியாது, அமிர்தம்" என்றாள்.

"எழுத்துகூடவா?"

"எழுத்துகூட. அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க. தமிழ் படிப்பேன்."

"அப்ப ஒரு வருசமா இன்னாக்கா பண்ணிகினு இருந்த? நடுநடுவுல தப்புன்னு வேற எடுத்து வெச்சியே?"

"எல்லாத்தையும் சரின்னா நம்ப மாட்டன்னு வெச்சேன்." மணியம்மாளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "மொத நாளு தெரு பொம்பளைங்க எல்லாம் நின்னுகினு இருந்தாளுங்க. பெரிய வூட்டுக்காரிக்கு ஏபிசிடி தெரியலன்னு சொல்ல வாய் வரலடி. அப்புறமா சொல்லிக்கலாம்னு பாத்தேன். நீ இன்னா வேகமா சொல்லுவ! அவ்ளோ வேகமா சொல்றவ தப்பா சொல்லுவன்னு எனக்குத் தோணவே இல்ல. சரின்னதும் உன் மூஞ்சி அப்படியே மலந்து போவும். அதப் பாத்துட்டு எப்படிடி சொல்றது?"

"என் வாழ்க்கையில மண்ண வாரிப் போட்டுட்டக்கா."

அமிர்தம் அட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தாள். ஒன்பது வருஷத்தில் அந்த வீட்டில் மீன் இறக்காமல் அவள் திரும்பியது அன்றைக்குத்தான்.

கோபம் என்றால் அப்படி இப்படி இல்லை. வண்டி ஓட்டிக்கொண்டே திட்டினாள், மீன் ஆய்ந்துகொண்டே திட்டினாள். இவளுக்கு ஒரு பெருமை, அதற்கு நான்தானா கிடைத்தேன் என்று வீரப்பனிடம் பொரிந்து தள்ளினாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, மிச்ச நாளுக்குப் படி" என்று மட்டும் சொன்னான். அடுத்த மூன்று வாரம் காலைச் சோற்றை அவனே வடித்தான்.

எழுபத்து மூன்று வார்த்தைகளையும் பிடுங்கி எடுத்துத் திரும்ப நட வேண்டியிருந்தது. ஜெயா தினமும் மத்தியானம் போனில் கேட்டாள். புதிதாக ஒன்றைப் படிப்பது எளிது. தப்பாகப் படித்ததை மறப்பதுதான் பெரும்பாடு என்று அப்போதுதான் அமிர்தத்துக்குப் புரிந்தது. ஒவ்வொரு தடவையும் பழைய பதில் முந்திக்கொண்டு வந்து நிற்கும். அதோடு மணியம்மாளின் குரலும் வரும்.

பரீட்சை பாண்டிச்சேரியில் ஒரு கல்லூரியில் நடந்தது. வார்த்தைப் பகுதியில் முப்பதில் இருபத்தேழு அவளுக்குத் தெரிந்தவை. போன முறை ஏழுதான் தெரிந்திருந்தது. தயங்காமல் எழுதினாள். 'லூசிட்' என்ற வார்த்தைக்கு ஒத்த பொருள் கேட்டிருந்தார்கள். கறுப்புப் பேனாவால் வட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். திரும்பி வரும்போது பஸ் அரியாங்குப்பம் பாலத்தில் நின்றபோது, லூசிட் என்றால் தெளிவானது, தான் குறித்தது 'ஆப்ஸ்க்யூர்', தெளிவில்லாதது என்று நினைவு வந்தது. ஊதாக் கட்டு அட்டை அது.

இரண்டு மாதம் கழித்துப் பட்டியல் போனில் வந்தது. சுகன்யாதான் பார்த்தாள். அம்மாவின் எண் அதில் இல்லை. அவர்கள் பிரிவில் கடைசியாக எடுத்தவரைவிட அமிர்தத்துக்கு இரண்டு மார்க் குறைவு.

அன்றைக்கு அவள் அழுதாள், மறைக்க ஒன்றுமில்லை. வாய்விட்டு அழுதாள், வீரப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அழுது முடித்தபிறகு இரண்டு மார்க்கையும் எங்கெங்கோ வைத்துப் பார்த்தாள். ஒரு மார்க் லூசிட்டில் போனது, அது மணியம்மாள் கணக்கு. ஆனால் இந்த முறை கணக்குப் பகுதியில் நாலைத் தானே கோட்டை விட்டிருந்தாள். அந்த மூன்று வாரமும் வார்த்தைகளோடு மல்லுக்கு நிற்காமல் இருந்திருந்தால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருப்பாளோ என்னவோ. யாருக்குத் தெரியும்? மணியம்மாளின் அந்த 'சரி' இல்லாமல் போயிருந்தால், ஜெயாவின் கறாருக்குப் பயந்து இரண்டாம் மாதமே அட்டையைத் தூக்கிப் போட்டிருப்பாள் என்பதும் உண்மைதான். இப்படி நாலு நாள் மாற்றி மாற்றி நினைத்து, எந்தப் பக்கமும் சாயாமல் களைத்துப் போனாள்.

ஐந்தாம் நாள் வழக்கம்போல் மீன் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். மணியம்மாள் வீட்டைத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் இருந்தாள். மூன்று மாதமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள். ஆனால் மணியம்மாள் கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டிலேயே வந்து நின்றாள்.

"ரிசல்ட் வந்துச்சின்னு ஜெயா சொன்னா."

"ஆமாக்கா. வரல, எனக்கு."

"என்னாலதானே?"

இந்தக் கேள்விக்காக அமிர்தம் நாலு நாளாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தாள். மணியம்மாளின் முகம் வற்றிப் போயிருந்தது. அதைப் பார்த்தபின் அந்தப் பதிலை அவள் எடுக்கவில்லை. "கணக்குல போச்சிக்கா" என்றாள். அது பொய்யும் இல்லை.

மணியம்மாள் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். மீன் வாசனைக் கையை அந்தத் தெருவில் யாரும் அப்படிப் பிடித்ததில்லை. வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதன் மேல் நாலு கோடு போட்ட நோட்டு ஒன்று. மணியம்மாள் அதைப் பிரித்துக் காட்டினாள். பெரிய ஏ, சின்ன ஏ, பெரிய பி, சின்ன பி. பக்கம் பக்கமாக எழுதி, எம் வரைக்கும் வந்திருந்தாள். ஒவ்வோர் எழுத்தும் கொழுகொம்பு தேடும் அவரைக் கொடிபோல் கோட்டை விட்டு அலைந்தது.

"வில்லியனூர்ல கட்டிக் குடுத்தேனே, மஞ்சுளா, அவதான் வீடியோ கால்ல சொல்லிக் குடுக்குறா. நீ கோவிச்சிகினு போன அன்னிக்கே ஆரம்பிச்சேன். உங்க மாமாவுக்குக்கூட தெரியாது. அவரு கழனிக்குப் போனப்புறம்தான் எடுப்பேன்" என்றாள் மணியம்மாள். ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னும் பதிமூணு எழுத்து கீது. அப்புறம் கூட்டிப் படிக்கணும். அடுத்த தபா நீ எழுதறப்ப நான் ஒழுங்கா பாத்து சொல்லுவேன். தப்புன்னா மூஞ்சிக்கு நேரா தப்புன்னுவேன். நீ இன்னா திட்டினாலும் சரி. அதுக்குள்ள படிச்சிட மாட்டேன்? அடுத்த பரீட்சை எப்போ வரும் அமிர்தம்?"

வயது வரம்பைப் பற்றிச் சொல்ல அமிர்தம் வாயைத் திறந்தாள். மணியம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மூன்று வாரத்துக்குள் வரும் என்று சொல்லிவிட்டால்கூடத் தயார் என்பதுபோல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அமிர்தம் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக ஐம்பத்தெட்டு வயதில் நோட்டு வாங்கியவள் இந்த ஊரிலேயே இவள் ஒருத்திதான் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு வருஷம் முழுக்க இந்த மனுஷி எப்படித்தான் கூசாமல் 'சரி' சொன்னாள் என்று அவள் கேட்காத ஆளில்லை. அது எப்படி என்று இப்போது அவளுக்கே தெரிந்துவிட்டது.

"அடுத்த வருசம் வரும்க்கா" என்றாள். "அதுக்குள்ள படிச்சிடுவ."

பிறகு வண்டியிலிருந்து மீன் இருந்த அன்னக்கூடையை இறக்கி வந்து, கீழே உட்கார்ந்து, அரைக் கிலோ சங்கராவை எடுத்து ஆயத் தொடங்கினாள்.